ஹார்ட் டிஸ்க்கில் புதுச் சத்தமா? காரணம் கண்டுபிடிக்கும் சரியான வரிசை

ஹார்ட் டிஸ்க் ஒன்று புதிதாகச் சத்தம் போடத் தொடங்கினால் பலரும் அதைத் திரும்பத் திரும்ப ஓன் பண்ணிக் கேட்டுப் பார்க்கிறார்கள். பிறகு ஒரு சோதனை மென்பொருளை இறக்கி டிஸ்க் முழுவதையும் பரிசோதிக்கிறார்கள். பிழை திருத்தவா என்று விண்டோஸ் கேட்டால் உடனே சம்மதிக்கிறார்கள். படங்களையும் ஆவணங்களையும் வேறிடத்தில் பிரதி எடுக்கவேண்டும் என்ற நினைப்பு கடைசியில்தான் வருகிறது. அதற்குள் டிஸ்க் நின்றுபோய்விடுகிறது.

கொழும்பில் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் தெரிந்தவர்களின் கணினிகளைப் பார்த்துக் கொடுக்கும்போது நான் அதிகம் காண்பது இந்த வரிசைப் பிழையைத்தான். பழுதாகிவரும் டிஸ்க்குக்கு எஞ்சியிருக்கும் ஓட்டம் எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது. அந்த ஓட்டத்தைச் சோதனைக்குச் செலவழித்தால் மீட்புக்கு மிஞ்சாது. ஆகவே டிஸ்க்கை ஓடவிடாமலே செய்யக்கூடிய வேலைகளை முதலில் வைத்திருக்கிறேன். அதற்கு வேலை கொடுக்கும் படிகள் பின்னால் வருகின்றன. வரிசையை மாற்றவேண்டாம்.

1. சத்தம் கேட்ட முதல் இரண்டு நிமிடங்கள்

உலோகத்தில் உலோகம் உரசுவதுபோல, அரம் போட்டு அராவுவதுபோலக் கேட்கிறதா? ஆம் என்றால் யோசிக்க ஒன்றுமில்லை. பவர் பட்டனை ஐந்தாறு விநாடி அழுத்திப் பிடித்து ஓஃப் பண்ணுங்கள். முறைப்படி ஷட் டவுன் ஆகட்டும் என்று காத்திருக்கவேண்டாம். டிஸ்க்கின் உள்ளே, தரவு பதிந்திருக்கும் வட்டத் தட்டு நிமிடத்துக்கு 7200 சுற்றுச் சுழன்றால், கீறல் விழும் இடம் ஒவ்வொரு விநாடியும் 120 தடவை கீறப்படுகிறது. விண்டோஸ் ஆறுதலாக மூடிக்கொள்ளும் ஒரு நிமிடத்தில் அது எங்கே போய் நிற்கும் என்று கணக்குப் பாருங்கள்.

சட்டென்று நிறுத்தினால் டிஸ்க் கெட்டுவிடும் என்ற பயம் பலருக்கு உண்டு. கரண்ட் போனதும், சுழன்றுகொண்டிருக்கும் தட்டின் மிச்ச வேகத்திலிருந்தே மின்சாரம் எடுத்து, தட்டின்மேல் மிதந்து தரவை வாசித்து எழுதும் தலையைப் பாதுகாப்பான இடத்துக்கு ஒதுக்கும் வசதி இன்றைய டிஸ்க்குகளில் இருக்கிறது. உரசும் டிஸ்க்கை ஓடவிடுவதுதான் பெரிய ஆபத்து.

உரசல் தவிர்ந்த வேறு சத்தம் என்றால் மூன்று காரியங்கள் செய்யுங்கள். திறந்திருக்கும் வேலையைப் பென் டிரைவிலோ இணையத்திலோ சேமியுங்கள். சந்தேகத்துக்குரிய அதே டிஸ்க்கில் சேமிக்கவேண்டாம். கைத்தொலைபேசியை அருகில் பிடித்து அரை நிமிடம் ஒலிப்பதிவு செய்யுங்கள். பிறகு ஒரு கடதாசியில் எழுதுங்கள்: என்ன செய்துகொண்டிருந்தபோது சத்தம் வந்தது, ஒரே சீரான இடைவெளியில் வந்ததா, அந்நேரம் திரை உறைந்ததா.

ஒலிப்பதிவைப் பலர் தேவையில்லாத வேலை என்று விட்டுவிடுகிறார்கள். அது இருந்தால் கடைக்காரருக்கோ விஷயம் தெரிந்த ஒருவருக்கோ கேட்கக் காட்டுவதற்காக டிஸ்க்கை மறுபடி ஓன் பண்ணத் தேவையில்லை. பதிவு முடிந்ததும் ஷட் டவுன் செய்யுங்கள். அடுத்த படி முடியும்வரை கணினி ஓஃபிலேயே இருக்கட்டும்.

2. தொடங்க முன் சேர்த்துவைக்க வேண்டியவை

முக்கியமானது, பிரதியை வாங்கிக்கொள்ளும் இன்னொரு டிஸ்க். பழுதானது ஒரு டெராபைட் என்றால் இரண்டு டெராபைட் வாங்குங்கள். முழுப் பிம்பம், அதாவது டிஸ்க் முழுவதையும் அப்படியே ஒரே கோப்பாகப் பிரதி எடுக்கவேண்டி வந்தால், அந்தப் பிம்பமும் அதிலிருந்து மீட்டெடுக்கும் கோப்புகளும் ஒரே டிஸ்க்கில் இடங்கொள்ள வேண்டும். ஒரே அளவு என்று எழுதியிருக்கும் இரண்டு டிஸ்க்குகளில் ஒன்று சற்றுச் சிறிதாக இருப்பதும் உண்டு.

அடுத்து ஒரு ஸ்க்ரூட்ரைவர், டெஸ்க்டொப் டிஸ்க்கைக் கணினியோடு இணைக்கும் புதிய சாட்டா டேட்டா வயர் ஒன்று, கையடக்க டிஸ்க் என்றால் அதற்குப் பொருந்தும் கட்டையான யூஎஸ்பி வயர், விண்டோஸுக்குப் பதிலாகக் கணினியைத் தொடங்கவைக்கும் லினக்ஸ் ஏற்றிய ஒரு பென் டிரைவ். லினக்ஸை வேறொரு நல்ல கணினியில் வைத்துத் தயார் பண்ணுங்கள். வயரும் டிஸ்க்கும் பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவில் ஒரே நடையில் வாங்கிவிடலாம்.

யூபிஎஸ் ஒன்று இருந்தால் நல்லது. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்குப் 13 மணி நேரம் கரண்ட் இல்லாமல் இருந்த நிலை இப்போது இல்லை. ஆனால் 2025 பெப்ரவரி 9ஆம் திகதி நாடு முழுவதும் ஒரே அடியாகக் கரண்ட் போனதை மறந்துவிடக்கூடாது. நொந்த டிஸ்க் ஒன்று நின்றுவிட்டு மறுபடி சுழலத் தொடங்கும் கணம்தான் அதற்கு மிகவும் கடினமானது. யூபிஎஸ் இல்லாதவர்கள் பற்றரி நல்ல நிலையில் உள்ள லேப்டொப் ஒன்றில் பிரதி வேலையைச் செய்யலாம்.

இவை எல்லாம் மேசைக்கு வந்த பிறகே அடுத்த படிக்குப் போங்கள். டிஸ்க்கை ஓன் பண்ணிவைத்துவிட்டு வயர் வாங்கக் காலி வீதிக்கு ஓடுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த நேரம் முழுவதும் டிஸ்க் வீணாகச் சுழல்கிறது.

3. சத்தம் டிஸ்க்கினுடையதுதானா?

முதலில் உங்கள் கணினியில் சுழலும் டிஸ்க் இருக்கிறதா என்று பாருங்கள். அண்மைக்கால லேப்டொப்புகளில் பெரும்பாலும் இருப்பது எஸ்எஸ்டி. அதில் அசையும் பாகமே இல்லை. டிக் டிக் என்றோ கரகரவென்றோ அது ஒலிக்க முடியாது. கணினியின் மாதிரி இலக்கத்தை இணையத்தில் தேடினால் எது இருக்கிறது என்று தெரியும். எஸ்எஸ்டி மட்டும்தான் என்றால் நீங்கள் தேடுவது ஃபேனை, அல்லது மின்சுருள் ஒன்றின் மெல்லிய கீச்சொலியை.

சுழலும் டிஸ்க் இருந்தால், அதைக் கழற்றிவிட்டுக் கேட்பதுதான் சிறந்த சோதனை. கணினியின் பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்குங்கள். பக்கத் தகட்டைக் கழற்றி, கேஸின் உலோகப் பகுதியை ஒருமுறை தொடுங்கள்; உடலில் தேங்கிய மின் அதில் இறங்கிவிடும். டிஸ்க்கின் பவர் வயர், டேட்டா வயர் இரண்டையும் கழற்றிவிட்டுக் கணினியை ஓன் பண்ணுங்கள். விண்டோஸ் அதே டிஸ்க்கில் இருந்தால், தொடங்குவதற்கு ஒன்றுமில்லை என்று திரையில் எழுதிவரும். அது பரவாயில்லை, நாம் கேட்பது சத்தத்தை.

சத்தம் இப்போதும் வந்தால் டிஸ்க் குற்றமற்றது. சத்தம் நின்றுவிட்டால் டிஸ்க்தான், அல்லது டிஸ்க்கினால் அதிரும் ஏதோ ஒன்று. இந்தச் சோதனையில் டிஸ்க் ஒரு சுற்றுக்கூடச் சுழலவில்லை. அதனால்தான் இதை முதலில் வைக்கிறேன்.

வேறிடம் என்று தெரிந்தால் ஃபேன்களைப் பாருங்கள். மரைன் டிரைவ் பக்கம் கடலைப் பார்த்த வீடுகளில் உப்புக் காற்றும் ஈரமும் தூசியும் சேர்ந்து ஃபேன் இறக்கைகளில் பசைபோலப் படிகின்றன. ஒரு பக்கம் பாரம் கூடிய இறக்கை தள்ளாடிச் சுழலும்போது டிஸ்க் கரகரப்பதுபோலவே கேட்கும். ஃபேனில் தட்டும் ஒரு தளர்ந்த வயர், டிஸ்க் கிளிக் பண்ணுவதுபோலத் துல்லியமாகத் தட்டிக்கொண்டிருக்கும். கேஸ் ஃபேனின் வயரைச் சில விநாடி கழற்றிப் பார்க்கலாம். பிராசசரின் ஃபேனைக் கழற்றக்கூடாது. பவர் சப்ளையிலிருந்து சத்தம் வந்தால் அதைத் திறக்கவேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதன் உள்ளே ஆபத்தான அளவு மின் தேங்கியிருக்கும்.

ஒருவகை ஊமைச் சத்தமும் உண்டு. ஊம்ம்… ஊம்ம்… என்று கூடியும் குறைந்தும் ஒலிக்கும். ஏறக்குறைய ஒரே வேகத்தில் சுழலும் இரண்டு டிஸ்க்குகள் ஒரே கேஸில் இருந்தால் அவற்றின் அதிர்வுகள் சேர்ந்தும் விலகியும் இப்படிக் கேட்கும். கேஸின் பக்கத் தகட்டை உள்ளங்கையால் மெல்ல அழுத்துங்கள். ஒலி அடங்கினால் டிஸ்க்கில் நோயில்லை. கணினியை ஓஃப் பண்ணித் திருகாணிகளை இறுக்குங்கள், ரப்பர் வளையம் போடுங்கள்.

4. எந்தச் சத்தம்? காதால் பிரித்தறிதல்

டிஸ்க்தான் என்று உறுதியானதும், அதை மறுபடி ஓன் பண்ண முன் உங்கள் ஒலிப்பதிவைக் கேளுங்கள். மின்விசிறியை நிறுத்தி, சன்னலைச் சாத்தி, முடிந்தால் இயர்போனில் கேளுங்கள். வீதி இரைச்சலுக்கு நடுவே கேட்டுத் தீர்மானிப்பது பிழைத்துப்போகும்.

பயப்படத் தேவையில்லாதவை எவை என்று முதலில் தெரிந்திருக்க வேண்டும். ஓன் பண்ணும்போது விர்ர்ர் என்று ஏறி ஒரு நிலைக்கு வருவது இயல்பு. கோப்பு திறக்கும்போது ஒழுங்கில்லாமல் கடகடவென்று மெல்லப் பேசுவது, தலை இடம் மாறும் ஒலி. ஓஃப் பண்ணும்போது ஒரே ஒரு க்ளக், தலை தன் இருப்பிடத்துக்குப் போகும் ஒலி. வேலை ஒன்றும் கொடுக்காதபோதும் டிஸ்க் தன்னைத் தானே சரிபார்த்துக்கொண்டு கொஞ்சம் முணுமுணுக்கும். வெஸ்டர்ன் டிஜிட்டலின் அதிக கொள்ளளவு டிஸ்க்குகள் சிலவற்றில் ஐந்து விநாடிக்கு ஒருமுறை மெல்லிய ஒரு தட்டல் கேட்கும். தலையை ஓரிடத்தில் நிலைக்க விடாமல் அசைத்து உராய்வைப் பரவலாக்கும் ஏற்பாடு அது. இதைக் கேட்டுப் புத்தம்புதிய டிஸ்க்கைத் திருப்பிக் கொடுத்தவர்களும் உண்டு.

இனிக் கவனிக்க வேண்டியவை.

டிக்… டிக்… டிக்… என்று மணிக்கூடு மாதிரிச் சீராக, சற்று உரக்க. தட்டில் எழுதப்பட்டிருக்கும் வழிகாட்டிக் குறிகளைத் தலை வாசித்தால்தான் தான் எங்கே நிற்கிறது என்று அதற்குத் தெரியும். வாசிக்க முடியாதபோது தலையைத் தாங்கும் கை உள்ளே போய், ஒன்றும் கிடைக்காமல் திரும்பி வந்து தடுப்பில் முட்டுகிறது. இருட்டில் சாவித்துவாரத்தைத் தேடித் தேடிக் குத்துவதுபோல அது முயன்றுகொண்டே இருக்கிறது. சில முயற்சிகளுக்குப் பிறகு சுழற்சி நின்றுவிடும், அல்லது நின்று மறுபடி தொடங்கும். பெரும்பாலும் தலை கெட்டிருக்கிறது. ஆனால் மின் போதாமல் இருந்தாலும் இதே சத்தம் வரும். அதனால்தான் அடுத்த படி இருக்கிறது.

பீப்… பீப்… அல்லது உய்ங்… உய்ங்… என்று மெல்ல, தட்டு சுழலும் ஒலியே இல்லாமல். டிஸ்க்குக்குள் ஒலிபெருக்கி ஏதும் இல்லை. சுழல முடியாத மோட்டார் சுழல முயன்று ரீங்கரிக்கும் ஒலிதான் அது. கீழே விழுந்த கையடக்க டிஸ்க்குகளில் இது அதிகம். தலை தட்டின்மேல் ஒட்டிக்கொண்டிருக்கும், அல்லது மோட்டாரின் அச்சு இறுகியிருக்கும். இங்கும் மின் குறைவு ஒரு காரணமாக இருக்கலாம்.

உயர்ந்த சுருதியில் நீளமாக ஊளை, வாரக்கணக்கில் மெல்ல மெல்லக் கூடிவருவது. அச்சுத் தாங்கி தேய்கிறது. பழைய டிஸ்க்குகளில் கேட்கலாம். இது அவகாசம் தரும் நோய். இன்றே பிரதி எடுத்தால் முழுவதும் கிடைக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது.

எப்போதாவது ஒரு க்ளக், அந்நேரம் திரை சில விநாடி உறைந்து மறுபடி ஓடும். வாசிக்கக் கடினமான இடத்தில் டிஸ்க் திரும்பத் திரும்ப முயல்கிறது, அல்லது வயர் தளர்ந்து மின் ஒரு கணம் அறுகிறது. எது என்று 5ஆம், 6ஆம் படிகள் சொல்லும்.

உறையாமல், சில விநாடிக்கு ஒருமுறை மெல்லிய டிக். மின்சாரம் மிச்சம் பிடிக்கத் தலையை அடிக்கடி ஒதுக்கும் வகை டிஸ்க்குகளில் இது நடக்கும். உடனடி ஆபத்தில்லை.

உரசல் பற்றி மேலே சொல்லிவிட்டேன். அந்த டிஸ்க்கில் 5, 6, 7ஆம் படிகளைச் செய்யக்கூடாது. நேரே 9ஆம் படிக்குப் போங்கள். தலை தட்டிலிருந்து சில நானோமீற்றர் உயரத்தில் மிதக்கிறது. ஒரு தலைமயிரின் தடிப்பில் பல ஆயிரத்தில் ஒரு பங்கு. அந்த இடைவெளி மூடிவிட்டால் ஒவ்வொரு சுற்றும் தரவு பூசிய படையைத் தூளாக்குகிறது. தூளான இடத்திலிருந்து எந்த ஆய்வுகூடத்தாலும் எதையும் எடுக்க முடியாது.

ஓன் பண்ணியும் ஒரு சத்தமும் வராமல், தொட்டால் அதிர்வும் இல்லாமல் இருந்தால் பெரும்பாலும் சுற்றுப்பலகையில் பழுது. 12 வோல்ட் வெளி டிஸ்க்குக்கு 19 வோல்ட் லேப்டொப் சார்ஜரைக் குத்தியவர்களுக்கு இது நேர்கிறது. முனை பொருந்துகிறது என்பதற்காகக் குத்தக்கூடாது. சார்ஜரில் எழுதியிருக்கும் வோல்ட் எண்ணைப் பாருங்கள்.

5. வயரும் கரண்டும்

இனித்தான் டிஸ்க்கை மறுபடி ஓன் பண்ணுகிறோம். ஒரே ஒரு தடவை, சரியான ஏற்பாட்டோடு.

கையடக்க டிஸ்க் எல்லா மின்சாரத்தையும் யூஎஸ்பி வயரிலிருந்தே எடுக்கிறது. பழைய யூஎஸ்பி 2 போர்ட் 500 மில்லி அம்பியர் கொடுக்கவேண்டும் என்பது விதி, யூஎஸ்பி 3 போர்ட் 900. தட்டைச் சுழற்றத் தொடங்கும் கணத்தில் டிஸ்க்குக்கு ஏறக்குறைய ஒரு அம்பியர் தேவைப்படலாம். கேஸின் முன்பக்கப் போர்ட், நீண்ட வயர், ஒரு போர்ட்டைப் பலவாக்கும், தனி மின் இல்லாத ஹப் என்று வழியில் இழப்பு சேர்ந்தால் அது கிடைக்காது. சுழலத் தொடங்கும், டிக் என்று விழும், மறுபடி தொடங்கும். நல்ல டிஸ்க் ஒன்று சாகிறதுபோலவே கேட்கும்.

ஆகவே ஹப்பை எடுத்துவிட்டு, புதிய கட்டை வயரில், டெஸ்க்டொப்பின் பின்பக்கப் போர்ட்டிலோ வேறொரு லேப்டொப்பிலோ குத்துங்கள். சத்தம் நின்று டிஸ்க் தெரிந்தால் நோய் வயரில் இருந்தது. பத்து விநாடிக்குள் சீராகவில்லை என்றால் கழற்றிவிடுங்கள். போர்ட் மாற்றி மாற்றிப் பரீட்சித்துக்கொண்டிருக்க வேண்டாம்.

டெஸ்க்டொப் டிஸ்க் என்றால் புதிய டேட்டா வயரைப் போடுங்கள். பவர் சப்ளையிலிருந்து வரும் வேறொரு முனையில் இணையுங்கள். ஒரு முனையைப் பல கிளைகளாகப் பிரிக்கும் இணைப்பானில் மாட்டியிருந்தால் அதை அகற்றுங்கள். பெரிய டிஸ்க் சுழலத் தொடங்கும்போது 12 வோல்ட் வழியில் ஏறக்குறைய இரண்டு அம்பியர் இழுக்கும். வயது போன பவர் சப்ளை அந்தக் கணத்தில் தளர்ந்தால் டிஸ்க் கிளிக் பண்ணும்.

கையடக்க டிஸ்க்கின் பிளாஸ்டிக் உறையை உடைத்து உள்ளே உள்ளதை நேரே கணினியில் மாட்டலாம் என்று நினைக்கவேண்டாம். சிலவற்றில் யூஎஸ்பி முனை சுற்றுப்பலகையிலேயே ஒட்டியிருக்கும், சாட்டா முனையே இருக்காது. சிலவற்றில் தரவை மறைகுறியாக்குவதே அந்தச் சுற்றுப்பலகைதான். அதை விலக்கினால் கிடைப்பது குப்பை.

6. ஸ்மார்ட் எண்களை வாசித்தல்

டிஸ்க் சீராகச் சுழன்று கணினிக்குத் தெரிகிறது என்றால் மட்டும் இந்தப் படி. டிஸ்க் தன்னைப் பற்றித் தானே எழுதிவைக்கும் குறிப்பேடுதான் ஸ்மார்ட். அதை வாசிக்கச் சில விநாடி போதும், தட்டு முழுவதையும் வாசிக்கத் தேவையில்லை. விண்டோஸில் கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ, லினக்ஸில் ஜிஸ்மார்ட்கன்ட்ரோல், இரண்டும் இலவசம். மென்பொருளைச் சந்தேக டிஸ்க்கில் நிறுவவேண்டாம்.

பார்க்கவேண்டிய வரிகள் சிலவே; ஒவ்வொன்றையும் அதன் தொடக்கத்தில் எழுதியிருக்கும் அடையாள இலக்கத்தால் சொல்கிறேன். 5ஆம் வரி, கெட்டுப்போனதால் மாற்று இடம் கொடுக்கப்பட்ட பகுதிகளின் எண்ணிக்கை. 197, வாசிக்க முடியாமல் தீர்ப்புக்குக் காத்திருக்கும் பகுதிகள். 198, பரிசோதித்தும் மீளாதவை. 187, மீட்க முடியாத பிழை என்று கணினிக்கு அறிவித்த தடவைகள். 10ஆம் வரி, சுழலத் தொடங்க மறுபடி முயன்ற தடவைகள். இவற்றின் மூல எண் (Raw என்ற பத்தியில் உள்ளது) பூச்சியமாக இருக்கவேண்டும். பூச்சியம் இல்லை என்றால் உடனே 7ஆம் படிக்குப் போங்கள்.

199 வேறு கதை. டிஸ்க்குக்கும் கணினிக்கும் இடையே தரவு சிதைந்த தடவைகள் அது. பெரும்பாலும் வயர்தான் காரணம். வயர் மாற்றினாலும் பழைய எண்ணிக்கை பூச்சியத்துக்குத் திரும்பாது. இன்றைய எண்ணைக் குறித்துவைத்து, ஒரு கிழமை கழித்து ஏறியிருக்கிறதா என்று பாருங்கள்.

புதியவர்கள் தடுமாறும் இடங்கள் மூன்று. கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மூல எண்களைப் பதினாறடி எண்முறையில் காட்டும். 10 என்று எழுதியிருந்தால் அது பதினாறு. தெரிவுப் பட்டியலில் அதைத் தசமத்துக்கு மாற்றுங்கள். வரிகளின் இலக்கங்களும் அப்படித்தான், 197 என்பது அங்கே சி5 என்றும் 198 என்பது சி6 என்றும் இருக்கும். இரண்டாவது, சீகேட் டிஸ்க்குகளில் 1ஆம், 7ஆம் வரிகளில் கோடிக்கணக்கில் எண் இருக்கும். பல தகவல்களை ஒரே எண்ணில் அடக்கி எழுதுவதால் அப்படித் தெரிகிறது. அது பழுதல்ல.

மூன்றாவதுதான் ஆபத்தானது: நீல நிறத்தில் நலம் என்று காட்டினால் நம்பிவிடுவது. கூகுள் தனது டிஸ்க்குகளை ஆராய்ந்து 2007இல் வெளியிட்ட கட்டுரையில், பழுதானவற்றில் பாதிக்கு மேற்பட்டவை முக்கியமான நான்கு ஸ்மார்ட் எண்களிலும் எந்த அறிகுறியும் காட்டாமலே போயின என்று எழுதியிருக்கிறார்கள். தலை திடீரென்று சாவதை எந்த எண்ணும் முன்கூட்டிச் சொல்லாது. எண்கள் சுத்தமாக இருந்து காது வேறு சொன்னால் காதை நம்புங்கள்.

முழுப் பரப்பையும் வாசிக்கும் நீண்ட சோதனையை இப்போது ஓட்டவேண்டாம். மணிக்கணக்கில் டிஸ்க்கை வேலை வாங்கி, அது கெட்டிருக்கிறது என்ற ஒரு வரிப் பதிலைத் தரும். அதே மணிநேரத்தில் டிஸ்க் முழுவதையும் பிரதி எடுத்திருக்கலாம்.

7. பிரதி எடுத்தல்

எதை முதலில் எடுப்பது என்று கடதாசியில் எழுதியபின் தொடங்குங்கள். உலகில் வேறெங்கும் இல்லாதவை முதலில்: கல்யாண வீட்டுப் படங்கள், யாழ்ப்பாணத்து வீட்டின் பழைய படங்கள், வெளிநாட்டு உறவுகள் அனுப்பிய வீடியோக்கள், ஸ்கேன் செய்த காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ், கடைக் கணக்கு. திரைப்படங்களும் பாடல்களும் மென்பொருள்களும் மறுபடி கிடைக்கும். பலர் மொத்த டிஸ்க்கையும் தெரிவுசெய்து ஒரே இழுப்பில் இழுக்கிறார்கள். திரைப்படக் ஃபோல்டர் ஓடிக்கொண்டிருக்கும்போதே டிஸ்க் செத்துவிட்டால், மகளின் முதல் பிறந்தநாள் படங்கள் வரிசையிலேயே நின்றுவிடும்.

ஸ்மார்ட் எண்கள் பூச்சியம், சத்தம் ஊளை மட்டும் என்றால் சாதாரணப் பிரதி போதும். விநாடிக்கு 100 மெகாபைட் வேகத்தில் ஒரு டெராபைட் மூன்று மணிக்குள் முடியும்.

197இல் எண் ஏறியிருந்தால், அல்லது இடையிடையே உறைந்தால், விண்டோஸை விட்டு லினக்ஸ் பென் டிரைவில் தொடங்குங்கள். விண்டோஸ் சந்தேக டிஸ்க்கைச் சும்மா விடாது. சிறு படங்கள் தயாரிக்கும், தேடலுக்குப் பட்டியலிடும், பிழை பார்க்கும். சாதாரணப் பிரதி கெட்ட இடத்தில் முட்டினால் அங்கேயே நின்று இடித்துக்கொண்டிருக்கும். டிடிரெஸ்கியூ என்ற இலவசக் கருவி அப்படிச் செய்யாது. நல்ல இடங்களை முதலில் வாரி எடுத்துக்கொண்டு, கெட்ட இடங்களைத் தாண்டி, எது முடிந்தது எது மிச்சம் என்று ஒரு வரைபடக் கோப்பில் எழுதிக்கொண்டே போகும். கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். வரைபடக் கோப்பைக் கட்டாயம் பென் டிரைவிலோ புதிய டிஸ்க்கிலோ வைக்கவேண்டும். அது இல்லாமல் தொடங்கினால் ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்துதான்.

இந்த இடத்தில் நடக்கும் மிகக் கொடிய பிழை, எடுக்கும் டிஸ்க்கையும் வாங்கும் டிஸ்க்கையும் மாறிக் கொடுப்பது. வெறுமையான டிஸ்க்கின் வெறுமை உங்கள் படங்களின்மேல் எழுதப்படும். கட்டளையை அழுத்த முன், டிஸ்க்கின் மேலுள்ள தொடர் இலக்கத்தைத் திரையில் உள்ளதோடு எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். பிம்பத்தைக் கோப்பாக எழுதச் சொன்னால் இந்த ஆபத்து குறையும். முதற்சுற்றில் கெட்ட இடங்களைச் சுரண்டவேண்டாம் என்று கட்டளையிடுங்கள். நல்லவை எல்லாம் வந்த பிறகு இரண்டாம் சுற்று.

கொழும்பு வெக்கையில் மேசை ஃபேன் ஒன்றை டிஸ்க்கின் பக்கம் திருப்பிவையுங்கள். பெரும்பாலான டிஸ்க்குகளின் எல்லை 60 பாகை. அதற்கு நன்றாகக் கீழே, 45 அளவில் வைத்திருக்கப் பாருங்கள். ஓடும்போது டிஸ்க்கை நகர்த்தவோ திருப்பவோ கூடாது.

நடுவில் சீரான கிளிக் தொடங்கினால் நிறுத்துங்கள். "இன்னும் கொஞ்சம்தானே" என்று விடுவதால் எஞ்சியதும் போகிறது.

8. செய்யக்கூடாதவை

ஃப்ரீசரில் வைப்பது. வெளியே எடுத்ததும் கொழும்பின் ஈரக் காற்று குளிர்ந்த உலோகத்தில் வியர்க்கும். பெரும்பாலான டிஸ்க்குகளுக்கு ஒரு மூச்சுத் துவாரம் உண்டு; ஈரம் உள்ளே போனால் தட்டில் நீர் படியும்.

மூடியைத் திறந்து பார்ப்பது. வீட்டுக் காற்றில் உள்ள ஒரு தூசித் துணிக்கை, தலை மிதக்கும் இடைவெளியைவிடப் பல மடங்கு பெரிது.

தட்டுவது, குலுக்குவது. ஒட்டிய தலை விடுபடலாம் என்பார்கள். விடுபடும்போது பிய்ந்தும் போகலாம்.

அதே மாதிரி டிஸ்க்கின் சுற்றுப்பலகையை வாங்கி மாற்றுவது. ஒவ்வொரு டிஸ்க்குக்கும் அதன் தலைகளுக்கென்றே அளந்து எழுதிய தரவு சுற்றுப்பலகையிலுள்ள ஒரு சிறு சிப்பில் இருக்கிறது. அதையும் பெயர்த்து மாற்றாவிட்டால் புதிய பலகை வேலை செய்யாது.

ஃபோர்மட் செய்யவேண்டும் என்று விண்டோஸ் சொன்னால் மறுத்துவிடுங்கள். பிழை திருத்தும் செக்டிஸ்க், சிதறிய கோப்புகளை ஒழுங்குபடுத்தும் டிஃப்ராக் இரண்டும் வேண்டாம். இரண்டும் டிஸ்க்கில் எழுதுகின்றன. சாகும் டிஸ்க்கில் எழுதுவது, மீட்கக்கூடியதை அழிப்பது.

9. கடைக்குக் கொண்டுபோவது

உரசல், மின் சரியாக இருந்தும் நிற்காத கிளிக், பீப், கணினிக்கே தெரியாத டிஸ்க்: இவற்றை வீட்டில் தீர்க்க முடியாது. அதில் உள்ளது தேவை என்றால், கணினி திருத்தும் சாதாரணக் கடையும் போதாது. தரவு மீட்பையே தொழிலாகச் செய்யும் இடம் வேண்டும்.

கொடுக்க முன் கேளுங்கள். டிஸ்க்கைத் திறப்பதானால் தூசி வடிகட்டிய அறை இங்கேயே இருக்கிறதா, வெளியூருக்கு அனுப்புகிறீர்களா? பார்த்துச் சொல்வதற்கு எவ்வளவு, எடுத்துக் கொடுப்பதற்கு எவ்வளவு? ஒன்றும் கிடைக்காவிட்டால் கட்டணம் உண்டா? கிடைக்கும் கோப்புகளின் பட்டியலைக் காசு கட்ட முன் காட்டுவீர்களா? "திறந்து பார்ப்போம் அண்ணை, விடுங்கோ" என்று மேசையிலேயே ஸ்க்ரூட்ரைவரை எடுப்பவரிடமிருந்து டிஸ்க்கைத் திரும்ப வாங்கிக்கொண்டு வாருங்கள்.

ஃபோர்மட் செய்யவேண்டாம், திருத்தவேண்டாம், தரவு மட்டும் வேண்டும் என்று சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் எழுதி டிஸ்க்கிலேயே ஒட்டுங்கள், மூச்சுத் துவாரத்தை மூடாமல். கவுண்டரில் நீங்கள் கதைப்பவரும் உள்ளே வேலை செய்பவரும் ஒருவரல்ல. வாய்ச்சொல் உள்ளே போவதற்குள் மாறிவிடும். பற்றுச்சீட்டில் தொடர் இலக்கம் இருக்கட்டும்.

குடும்பப் படங்கள் யார் கண்ணில் படும் என்ற கவலை, குறிப்பாகப் பெண்களுக்கு, நியாயமானது. எந்த ஃபோல்டர்கள் மட்டும் தேவை என்று எழுதிக் கொடுங்கள். மீட்ட பிரதியைத் தங்கள் கணினியிலிருந்து எப்போது அழிப்பார்கள் என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள்.

கொண்டுபோகும்போது நிலைமின் தடுக்கும் பையில் இட்டு, குமிழ்த்தாள் சுற்றி, மடியில் வைத்துக்கொள்ளுங்கள். பஸ்ஸின் தட்டிலோ ஓட்டோவின் பின்பக்கத்திலோ போடவேண்டாம்.

10. எல்லாம் வந்துசேர்ந்த பிறகு

பிரதியைத் திறந்து பாருங்கள். கோப்புகளின் எண்ணிக்கை சரியாக இருந்தால் போதாது. பல ஃபோல்டர்களிலிருந்து சில படங்களையும், வீடியோக்களின் நடுப்பகுதியையும் திறந்து ஓட்டிப் பாருங்கள். பிறகு இன்னொரு இடத்தில் இரண்டாம் பிரதி வையுங்கள்.

இப்போது நீண்ட சோதனையை ஓட்டலாம், ஆசை தீரச் சத்தமும் கேட்கலாம். வயர்தான் காரணம் என்று தெரிந்த டிஸ்க்கைத் தொடர்ந்து பாவிக்கலாம். மாதம் ஒருமுறை 5, 197, 199 மூன்றையும் குறித்துவாருங்கள். 197 மெல்லக் குறைந்து பூச்சியத்துக்கு வருவது உண்டு. 5 ஏறிக்கொண்டே போனால் அந்த டிஸ்க்கை முக்கியமான எதற்கும் வைக்கவேண்டாம்.

உத்தரவாதக் காலம் முடியவில்லை என்றால் மாற்றித் தருவார்கள், ஆனால் பழைய டிஸ்க் திரும்பி வராது. அதிலுள்ளவை யார் கைக்கும் போகக்கூடாதவை என்றால், கொடுக்க முன் முழு டிஸ்க்கிலும் பூச்சியம் எழுதி அழியுங்கள். அழிக்கவும் முடியாத அளவுக்குக் கெட்டிருந்தால், புதிய டிஸ்க்கின் விலையையும் உங்கள் ஆவணங்களையும் எடைபோட்டு, கொடுப்பதா வைத்துக்கொள்வதா என்று முடிவெடுங்கள். நான் என்றால் வங்கிக் கணக்கும் அடையாள அட்டைப் பிரதியும் இருந்த டிஸ்க்கைக் கொடுக்கமாட்டேன்.